ஆளுக்கு ஒரு கத்தி

போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் போலீஸ் பிடித்தது. பதறாதீர்கள்... உங்கள் பங்குக்கும் சேர்த்து நானே பதறிவிட்டேன்.

விஷயம் சின்னது. திண்டிவனம் மீன் மார்க்கெட் பக்கம் ஒருவர் அருமையாகச் சாணை பிடிக்கிறார் என்று யாரோ சொல்ல, எங்கள் வீட்டுக் கத்தியோடு விழுப்புரத்திலிருந்து காலையிலேயே கிளம்பினேன். தக்காளியை நறுக்காது, நசுக்கும் — அப்படி ஒரு கத்தி. செய்தி தெருவுக்குப் பரவி, இன்னும் ஐந்து கத்திகள் வந்து சேர்ந்தன. மாறிப்போனால் சண்டை வருமே? அண்டா குண்டாவுக்குப் பேர் வெட்டுகிற அதே பொறுப்போடு, என் மனைவி ஒவ்வொரு பிடியிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேர் எழுதினாள்.

சாணைக்காரர் கெட்டிக்காரர். தீட்டி முடித்ததும் கத்தியைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைப்பார். வழுக்கினால் மொண்ணை; கவ்வி நின்றால் கூர். எனக்கு அது போதவில்லை. செல்போனில் வீடியோ பார்த்தவன் அல்லவா நான்? முன்கை முடியைச் சிரைத்துப் பார்த்தேன். ஆறு கத்தி, ஆறு வழுக்கைப் பட்டை. இடது கை வரிக்குதிரை மாதிரி ஆகிவிட்டது. என்ன ஆனந்தம்!

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், யாரோ மந்திரி வருகிறார் என்று பை சோதனை. என் பையைத் திறந்த பெண் எஸ்.ஐ. கத்திகளைச் சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்தார். பிரித்துக்கொண்டே போனார்.

"என்னாய்யா இது?"

"வீட்டுக் கத்திங்க, மேடம்."

ஒன்றை எடுத்து நகத்தில் வைத்தார். கவ்வியது.

"யார் வீட்லய்யா கத்தி இவ்ளோ ஷார்ப்பா இருக்குது?"

நியாயமான கேள்வி. நம் வீடுகளில் கத்தி என்றாலே மொண்ணைதான். கூராக இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதானே?

பிறகு அவர் பிடிகளைப் படிக்க ஆரம்பித்தார். மாடி வீட்டு மோகன். லூர்து டீச்சர். கலா. எதிர்வீட்டுச் செல்வம்... பக்கத்திலிருந்த கான்ஸ்டபிள் மெதுவாகச் சொன்னார்: "ஆளுக்கு ஒரு கத்தி போல, மேடம்."

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வருகிறது. கையை ஆட்டிப் புரியவைக்கப் பார்த்தேன் — சிரைத்த பட்டைகளைக் கண்டு கான்ஸ்டபிள் ஓரடி பின்வாங்கினார். நாளைக்குப் பேப்பரில் என் போட்டோ வருமே, காதோரம் நரை தெரியுமே, டை அடித்துக்கொண்டு வந்திருக்கலாமே என்று மனசு ஓடுகிறது. ஸ்டேஷனுக்குப் போகிறவனுக்கு வருகிற கவலையா இது?

கடைசியில், வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார் எஸ்.ஐ. நான் வாயைத் திறக்கக் கூடாது என்று சைகை வேறு.

அந்தப் பக்கம் ஒரு ஹலோகூட இல்லை. "எங்கங்க இருக்கீங்க? கறிய வாங்கி வெச்சிக்கினு, கத்தி வந்துச்சான்னு லூர்து டீச்சர் ரெண்டு தபா வந்துட்டுப் போயிட்டாங்க. ஆறும் இருக்குதான்னு எண்ணிப் பாத்துக்கினு வாங்க. போன தபா குடைய வுட்டுட்டு வந்த ஆளுதானே நீங்க."

எஸ்.ஐ. முதல்முறையாகச் சிரித்தார். பக்கத்துத் தள்ளுவண்டியில் ஒரு கொய்யா வாங்கி, கலாவின் கத்தியை வைத்தார். அழுத்தவே இல்லை, பழம் இரண்டாகிவிட்டது. பாதியை என்னிடம் நீட்டி, "சாணை புடிக்கிறவரு எந்தப் பக்கம்னு சொல்லிட்டுப் போங்க, சார்" என்றார்.

உயிர் திரும்பி வந்தது. பத்திரமாகப் பஸ் ஏற்றிவிடச் சொல்லி, கான்ஸ்டபிளையும் கூடவே அனுப்பினார். அவர் என்னை ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "இவரு பையில ஆறு கத்தி இருக்குது. விழுப்புரம் போற வரைக்கும் தொறக்காமப் பாத்துக்க."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நிற்கவே இடமில்லை. ஆனால் மூன்று பேர் உட்காரும் சீட்டில், விழுப்புரம் வரைக்கும் நான் ஒருவன்தான்.

இத்தனை வருஷமாக ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொண்டிருந்தேனே... என்ன ஒரு அப்பாவி!