பிக்கப்பில் ஏறிய பல் கதிரை

சண்டையால் சாவகச்சேரிக்கு நாங்கள் இடம்பெயர்ந்து வந்தபோது எங்கள் பிக்கப்பில் கட்டிலும் இல்லை, அலுமாரியும் இல்லை. பல் பிடுங்கும் கதிரைதான் இருந்தது. முழு இரும்பு. நான்கு ஆண்கள் பிடித்தால்தான் அசையும். கீரிமலைக்குக் கிட்ட இருந்த என் சிறிய பல் வைத்திய அறையைப் பூட்டிய அன்று என் கணவர் சொன்னார், "உந்தக் கதிரையை விட்டிட்டு நெல்லு மூட்டையை ஏத்துவம்."

"நெல்லுப் பிறகும் வாங்கலாம். உதை எங்கை வாங்குறது?" என்றேன்.

அவர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். கொஞ்சம் யோசித்துவிட்டு ஓமென்றார்.

வாடகை வீட்டில் கதிரையை வைக்க இடமில்லை. தென்மராட்சியின் உட்கிராமங்களிலிருந்து, வீங்கிய கன்னத்தைத் துவாயால் கட்டிக்கொண்டு, சைக்கிள் கரியரில் ஆட்கள் வந்தார்கள். சிலர் வந்து சேரும்போதே மயங்கி விழுந்தார்கள். அவர்கள் வருவதைவிட நான் போவது நல்லது என்று தோன்றியது. பிக்கப்பின் தட்டில் வைத்துப் பூட்டவும் வேண்டாதபோது கழற்றவும் கூடிய மர அறை ஒன்று, அதற்குள் கதிரை என்று திட்டம் போட்டோம். பெற்றோல் கிடைக்காத காலம் என்பதால் கணவர் மண்ணெண்ணெயில் ஓடுவதற்கு வண்டியை ஏற்கெனவே பழக்கியிருந்தார்.

அறையைக் கட்டியவர் குருநகரிலிருந்து எங்களைப் போலவே இடம்பெயர்ந்து வந்த, மீன்பிடி வள்ளம் கட்டும் தச்சர். "தங்கச்சி, நான் கட்டினால் ஒரு துளி தண்ணி உள்ளுக்கு வராது" என்றார். வரவில்லைதான். ஆனால் வேப்பம் பலகையை வள்ளத்துக்குப் போடும் கனத்திலேயே போட்டுவிட்டார்.

முதல் ஓட்டத்துக்குக் கதிரை, தண்ணீர்ப் பீப்பாய், பல் பிடுங்கும் ஆயுதங்களின் அலுமாரி எல்லாம் ஏறின. வண்டி பின்பக்கம் குந்திவிட்டது. முன் லைற் இரண்டும் பனையின் உச்சி வட்டைப் பார்த்தன. "ஸ்ரேறிங் பட்டம் அறுந்த நூல் மாதிரி லேசாக் கிடக்கு" என்றார் கணவர். முதலாவது பள்ளத்திலேயே ரயர் மட்காட்டில் உரசிப் புகை மணத்தது. திரும்பி நேரே வண்டி திருத்தும் கராச்சுக்குப் போனோம்.

கராச்காரர் சாக்கை விரித்துக் கீழே படுத்துப் பார்த்தார்.

"மாஸ்டர், பாரம் தாங்கிற வில்லுத் தகடெல்லாம் நிமிர்ந்து தட்டையாப் போச்சு. இது வெங்காயம் ஏத்துற வண்டி. நீங்கள் வீட்டை ஏத்தியிருக்கிறியள்."

கூட வந்திருந்த தச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "வீட்டிலை ஒரு பிழையும் இல்லை. உந்த வண்டிதான் சொத்தி."

அதன்பிறகு இருவரும் கதைக்கவில்லை. ஒருவர் கேட்பதை மற்றவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் பனங்கட்டியோடு தேநீர் கொடுத்து, இரண்டு பேருடைய முறைப்பாட்டையும் கேட்டேன்.

கராச்காரர் ஓடாமல் கிடந்த மினிபஸ் ஒன்றிலிருந்து தகடுகளைக் கழற்றினார். நீளம் பார்த்து வெட்டி, கொல்லன் உலையில் பழுக்கக் காய்ச்சி வளைத்து, பழைய தகடுகளுக்குக் கீழே பக்கத்துக்கு மூன்றாகச் சேர்த்து, நீளமான போல்ட் போட்டு இறுக்கினார். வண்டி குந்துவது நின்றது. ஆனால் இப்போது குதித்தது. பரீட்சித்துப் பார்க்க ஒரு மைல் ஓடிவிட்டுக் கதவைத் திறந்தேன். குறடுகளும் கண்ணாடிகளும் பஞ்சும் தரை முழுக்கக் கிடந்தன. எனக்கு அழுகை வந்தது.

தச்சர் உள்ளே ஏறிப் பார்த்தார். நோயாளிகள் ஏற வசதியாக இருக்கட்டும் என்று கதிரையைப் பின்கதவடியில் அவர்தான் பூட்டியிருந்தார். பிறகு இறங்கி, கராச்காரரிடம் நேராகவே சொன்னார்:

"வள்ளத்தின்ரை வாலிலை பாரத்தை வைச்சால் மூக்கு மேலை எழும்பும். இது எனக்குத் தெரியாத விசயமே? நான்தான் பிழை விட்டனான்."

கராச்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, "நானும் ஒரு தகடு கூடத்தான் போட்டிட்டன், அண்ணை" என்றார்.

அன்று பின்னேரம் கதிரையும் பீப்பாயும் முன்சுவரோரம் போயின. பக்கத்துக்கு ஒரு தகடு வெளியே வந்தது. கராச்காரர் ஒரு செம்பு நிறையத் தண்ணீரை அறையின் தரையில் வைத்துவிட்டுத் தானே வண்டியை மெதுவாக ஒரு சுற்று ஓட்டினார். செம்பைச் சுற்றி ஒரு சின்ன ஈரம் மட்டும்தான். அவர்கள் இருவரும் கணவரும் பிள்ளைகள் மாதிரிச் சிரித்தார்கள்.

முதலில் போனது இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூட வளவுக்கு. முதல் ஆளாகத் தோட்டக்காரர் ஒருவர் ஏறினார். கடைவாய்ப் பல். குறட்டால் பிடித்து நான் அசைக்க அசைக்க, புதுத் தகடுகளின் மேல் அறை முழுவதும் தொட்டில் மாதிரி ஆடியது. மனிதர் கதிரையின் கைகளை இறுகப் பிடித்தார்.

"டொக்டர், நிலம் நடுங்குது!"

வாயில் பஞ்சோடு வெளியே பாய்ந்துவிட்டார். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் மரத்தடிக்கு ஓடினார்கள். செய்தி கேட்டுச் சைக்கிளில் வந்த கராச்காரர் நான்கு பனங்குற்றிகளை அறையின் மூலைகளுக்குக் கீழே நிறுத்தி, ஆப்பு அடித்தார்.

"ஓடேக்கை வில்லு வேணும். பல்லுப் பிடுங்கேக்கை வில்லு வேண்டாம்" என்றார்.

தோட்டக்காரரைக் கெஞ்சி மீண்டும் ஏற்றினேன். பல் வந்தது. அதைக் கையில் வைத்து எல்லாருக்கும் காட்டினார். மரத்தடிக்கு ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

பிறகு சில வருடங்கள் பள்ளிக்கூட விடுமுறைகளிலும் சனி ஞாயிறுகளிலும் அப்படியே ஓடினோம். ஒருநாள் வட்டுக்கோட்டைப் பக்கம் வேலை முடிந்து திரும்பும்போது மாரி மழை பிடித்துக்கொண்டது. வயல்வெளியில் வண்டியை நிறுத்திவிட்டு நானும் கணவரும் அறைக்குள் ஏறினோம். புட்டும் சம்பலும் சாப்பிட்டோம். கூரை ஒழுகவில்லை. காற்றுக்கு அறை மெல்ல ஆடியது. குற்றி வைக்க எனக்கு மனமில்லை.

"நீர் ஒருக்கா உதைச் சரிச்சு விடுமன்" என்று கதிரையில் ஏறியவர், நான் கோப்பை கழுவி முடிப்பதற்குள் வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டார். கல்யாணம் முடித்து ஒன்பது வருடத்தில் ஒருநாளும் சோதிக்க எனக்குப் பல்லைக் காட்டாத மனிதர். பல் பார்க்கும் கண்ணாடியை எடுத்து மெதுவாகப் பார்த்தேன். கீழ்க்கடைவாயில் இரண்டு சூத்தை. எழுப்பவில்லை. மழை விடட்டும் என்று பக்கத்தில் இருந்தேன்.