தராசுக்காரனின் நான்காவது சோதனை

கடைகளில் இருக்கும் எடை மெஷின்களைப் பழுது பார்ப்பவன் அவன். தெருவில் எல்லோருக்கும் அவன் 'தராசு'தான். எந்த மெஷினையும் லேசில் நம்பமாட்டான். திரையில் ஒரு கிலோ என்று காட்டினால் போதாது. பையிலிருந்து முத்திரை குத்திய எடைக்கல்லை எடுத்து வைத்துப் பார்த்தால்தான் மனசு ஆறும்.

இந்தச் சந்தேகப் புத்தி பிழைப்புக்கு நல்லதுதான். அதுவே நான்கு மாதமாக அவனை வறுத்தெடுத்தது. வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் லாரி எடைமேடை பொருத்த இரண்டு மாதம் போயிருந்தான். ஊர் திரும்புவதற்கு முந்தின வாரம், தனிமையும் இரண்டு கிளாஸ் மதுவும் சேர்ந்து, முன்பின் தெரியாத ஒருத்தியோடு ஒரு மாலை. ஆணுறை இல்லை. புத்தி வந்தபோது காரியம் கை மீறியிருந்தது.

வந்ததும் மனைவியிடம் முதுகுவலி என்று சொல்லி ஹாலில் பாயைப் போட்டான். ஆறாவது வாரம் எச்.ஐ.வி. சோதனை: இல்லை. மூன்று மாதம் முடிந்ததும் வேறொரு லேபில்: இல்லை. அடுத்த வாரம் இன்னொன்றில்: அதிலும் இல்லை. பேப்பரை வாங்கி அரை மணி நேரம் நிம்மதி. பிறகு, 'மெஷின் தப்பா காட்டியிருந்தா?' என்று மனசு அரிக்க ஆரம்பித்துவிடும். பாவம், இருமினாலும் பயம், தும்மினாலும் பயம். சின்ன மகள் அவன் தட்டில் கை வைத்தால் தட்டை நகர்த்திக்கொள்வான். சாப்பாட்டில் தொற்றாது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

நான்காவதாகப் போன லேபில், ரத்தம் எடுக்கும் அம்மாள் பழைய பேப்பர்களைப் புரட்டிவிட்டு ஊசியைக் கீழே வைத்தாள்.

"மூணு மாசம் தாண்டிப் பாத்தா போதும், நீங்க ரெண்டு தடவை பாத்தாச்சு. நடுவுல வேற யாரோடயும் தொடர்பு இல்லையே? அப்புறம் என்ன சார் சந்தேகம்?"

"மெஷின் பொய் சொல்லும் மேடம். எடை மெஷின் பாக்கறதுதான் என் தொழில்."

"அப்ப உங்க மெஷினை எப்படி நம்புவீங்க?"

"எடை தெரிஞ்ச கல்லை வச்சுப் பாப்பேன்."

"நாங்களும் அதைத்தான் பண்றோம். நோய் இருக்குன்னு தெரிஞ்ச சாம்பிள் ஒண்ணு, இல்லைன்னு தெரிஞ்சது ஒண்ணு. அது ரெண்டும் சரியா வந்தாதான் உங்க ரிசல்ட்டையே எழுதுவோம்."

அட, இங்கேயும் எடைக்கல்! இதை யாராவது முன்னமே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அந்த பிளாஸ்டிக் நாற்காலியிலேயே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் பார்க்காமல் அழுதான்.

சாயங்காலம் மனைவியின் கையில் மூன்று பேப்பரையும் கொடுத்து, ஒன்று விடாமல் சொன்னான். அவள் தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"முதுகுவலின்னுட்டு இருபது கிலோ கல்லைத் தூக்கிட்டு வேலைக்குப் போனப்பவே நெனச்சேன், என்னமோ இருக்குன்னு," என்றாள். பிறகு குரல் உடைந்தது. "உங்க ரத்தத்துக்கு மூணு மாசம் போதும்னுட்டாங்க. எனக்கு எவ்வளவு நாளாகும்னு எனக்கே தெரியலங்க."

அன்றும் ஹாலில்தான் பாயை விரித்தான். முதுகுவலி என்று சொல்லவில்லை.