இரண்டு மணி வெயிலில் பார்க்க வேண்டிய முதுகு

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் என் நோய் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்; அரசுத் தமிழில் தண்டுவட மரப்பு நோய். அட்டவணையில் பெயர் இருந்தால் மருத்துவக் குழு கோப்பைப் பார்த்து, ஆளைப் பார்த்து, பாதிப்பின் அளவைக் கணித்துச் சான்று தர வேண்டும். வருவாய்த்துறையில் முப்பது ஆண்டு இருந்தவன் நான். அட்டவணை என்றால் என்னவென்று தெரியும்.

எனக்குச் சான்று தேவைப்பட்டது படுப்பதற்காக. ராமநாதபுரத்திலிருந்து மாதம் ஒருமுறை மதுரைக்கு நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். அரை மணி நேரம் உட்கார்ந்தால் முதுகுத்தண்டில் காய்ச்சிய கம்பியை இழுப்பது போல் எரியும். விலாவைச் சுற்றி ஈரத்துணியைப் பிழிவது போல் இறுகும். ரயிலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டி காலியாக இருந்தால், முழங்காலுக்கு அடியில் பையை வைத்துப் படுத்துக்கொண்டே போகலாம். ஒருமுறை படுத்தேன். பரமக்குடி தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் எழுப்பினார்.

"கார்டு இல்லாம இங்கன படுக்கக் கூடாதுய்யா. பாக்க நல்லாத்தான இருக்கீங்க."

மானாமதுரையில் இறங்கிப் பொதுப் பெட்டிக்கு மாறி, மதுரை வரை நின்றுகொண்டே போனேன். அவர் சொன்ன விதி சரி. அதற்காக அவரை மன்னிக்க வேண்டுமென்று எந்த விதியும் இல்லை.

இந்த நோய்க்குச் சூடு ஆகாது. உடம்பு சூடேறினால் கால் பின்னும், வலி ஏறும். அதனால் விடிந்ததும் குளிர்ந்த நீரில் குளியல், தரையில் பாய் விரித்து மல்லாக்கப் படுத்தால் மனைவி காலைத் தூக்கி நீட்டிப் பிடிப்பது, நரம்பு வலிக்கான மாத்திரை, கழுத்தில் ஈரத்துண்டு. எங்கள் ஊர் வெயிலில் இந்த ஏற்பாடு பதினொரு மணி வரை தாங்கும். ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடினால் எல்லாம் சரியாகும் என்றார் எங்கள் சம்பந்தி. எனக்கு அறிவுரை சொன்னவர்களில் தண்ணீரைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். வரிசையில் நிற்கத்தான் எனக்குக் கால் இல்லை.

மருத்துவக் குழு கூடிய நாள் காலையில் மனைவி சொன்னாள்: "இன்னைக்கு ஒரு நாள் குளிக்காம, மாத்திரை போடாமப் போங்களேன். வலியோட போனாத்தான அவுகளுக்குத் தெரியும்."

குளிக்காமல் அலுவலகம் போகும் வழக்கம் எனக்கில்லை. குளித்து, மாத்திரை போட்டு, சட்டையை இஸ்திரி செய்து, முதல் ஆளாகப் போய் முதல் டோக்கன் வாங்கினேன். குளிர்சாதன அறை. பெயர் கூப்பிட்டதும், ஆய்வுக்கு வந்த மேலதிகாரி முன் நிற்பது போல் விறைப்பாக நின்றேன். நடக்கச் சொன்னார்கள், நடந்தேன்.

"என்னவிட நல்லா நடக்குறீங்க சார்" என்றார் இளம் மருத்துவர். மற்ற இருவரும் சிரித்தார்கள். நான் நன்றி வேறு சொன்னேன். ஸ்கேன் படங்கள் இருந்த என் கோப்பின் நாடாவை யாரும் அவிழ்க்கவில்லை.

சான்றுக்கு வேண்டிய அளவு பாதிப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்துக்காக வராண்டாவில் காத்திருந்ததில் உச்சி வெயிலாகிவிட்டது. வாசலில் விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றேன். இடது கால் என்னுடையதாக இல்லை.

"இப்பக் கூப்புடுங்க அவுகள" என்றாள் மனைவி.

அந்தச் சித்திரையிலேயே மேல்முறையீடு எழுதினேன். என்னை மறுபடி பரிசோதிக்க வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்கு, குளிர்சாதனம் இல்லாத வராண்டாவில், கோடை முடிவதற்குள் பரிசோதிக்க வேண்டும். மனுவை வாங்கிய எழுத்தர் இரண்டு முறை படித்துவிட்டு, வெயிலில் வைத்துப் பார்க்கச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டேன். ஆனியில் நினைவூட்டு, ஆவணியில் நினைவூட்டு. இரண்டுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில். நான் பதவியில் இருந்தபோது எத்தனையோ பேருக்கு எழுதி அனுப்பிய அதே இரண்டு சொற்கள். அதில் ஓர் எழுத்தைக்கூட அவர்கள் மாற்றவில்லை. அந்த மாதங்களிலும் மதுரைக்கு உட்கார்ந்தும் நின்றும்தான் போய்வந்தேன்.

கடைசியில் என் கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். பிற்பகல் இரண்டு மணி, வராண்டா, எல்லாம் நான் கேட்டபடியே. அடுத்த வாரமே ஆஜராக வேண்டும். கடிதம் வந்தபோது வெளியே மூன்று நாளாக விடாத மழை. கடற்காற்றில் வீடே சில்லிட்டிருந்தது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட, எதையும் பிடிக்காமல், வாசல் வரை நடந்து போனேன். அன்று மார்கழி முதல் தேதி.