அவள் சொல்லாத ஏழாவது சொல்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும். அதிலும் பாதி நாள் கடற்கரையில்தான் கிடந்தேன். ஆனால் இன்றைக்குத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு எந்த நாட்டுக் கேப்டன் வந்தாலும், அவனோடு இங்கிலீஷில் பேசி, கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டும் வேலையை வாங்கிக்கொண்டுதான் ஏணியில் இறங்குவேன். பட்டம் வாங்கியவர்கள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் நிற்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எனக்கு எவனும் இங்கிலீஷ் சொல்லித்தரவில்லை. கடலில் மூழ்கிச் சங்கு குளித்துக்கொண்டிருந்த வயதில் பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த ஓர் அகராதி கிடைத்தது. எழுத்துக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான். ஒரு சொல்லைப் பிடித்தால் அதே ஓசையில் முடிகிற சொற்களெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரிக் கூடவே வரும் என்பதை நானாகக் கண்டுபிடித்தேன். ரோப் என்றால் கயிறு. அதைப் பிடித்து இழுத்தால் சோப், போப், ஹோப் என்று வரிசையாக மேலே வரும். சோப்பு தெரியும். போப்பாண்டவர் படம் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. ஹோப் ஒன்றுக்கு மட்டும் அகராதியைப் புரட்டி, நம்பிக்கை என்று எழுதிக்கொண்டால் போதும். ஒரு சொல்லின் உழைப்பில் நான்கு சொல். இந்த வழியை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தருவதாக நான் கேள்விப்படவில்லை.

தண்ணீருக்குள் தம் பிடிக்கும்போது மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். நான் இந்த வரிசைகளைப் பொருளோடு மனதுக்குள் சொல்வேன். கயிற்று வரிசை முதலில். கடைசியில் அலை வரிசை. அது வந்துவிட்டால் மேலே போக வேண்டும், தம் தீரப்போகிறது என்று கணக்கு.

மழைக்காலத்தில் கடல் கலங்கிவிடும்; சங்குக் குளி கிடையாது. அந்த நாட்களில் தம் குறைந்துவிடாமல் இருக்க முற்றத்துத் தொட்டியில் தலையை அமிழ்த்திப் பழகுவேன். கல்யாணமான புதிது. என் மனைவி பக்கத்தில் நின்று வரிசைகளை உரக்கச் சொல்ல வேண்டும். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இரண்டே நாளில் காதாலேயே பிடித்துக்கொண்டாள். வேவ் அலை, சேவ் காப்பாற்று, ஷேவ் சவரம், கேவ் குகை, பிரேவ் தைரியம், ஸ்லேவ் அடிமை. ஏழாவதில் வந்து நின்றுவிட்டாள்.

“கிரேவ்னா என்ன?”

“கல்லறை.”

“நீங்க தலையத் தண்ணிக்குள்ள வச்சிருப்பீய. நான் மேல நின்னு கல்லறைன்னு சொல்லணுமாக்கும்?”

“ஏளா, அது இங்கிலீஷ்.”

“எந்தப் பாஷைல தோண்டுனாலும் குழி குழிதான். என் வாயில வராது.”

குளிக்குப் போகிறவன் வீட்டில், அவன் தண்ணீரில் இருக்கும் நேரத்தில் சாவைக் குறிக்கும் எந்தச் சொல்லையும் பெண்கள் வாயில் எடுக்கமாட்டார்கள். தெருவில் யாராவது செத்தால்கூட ‘அங்கன ஆள் கூடியிருக்கு’ என்றுதான் சொல்வார்கள். அது எனக்கும் தெரியும். ஆனாலும், வரிசை அந்தரத்தில் நிற்கிறதே என்று எனக்கு எரிச்சல்.

“பெறகு எப்படி முடிக்கிறது?”

“ஆறாவது சொன்னதும் முதுகுல ஒன்னு வைக்கேன். எந்திரிச்சிருங்க.”

அப்படித்தான் நடந்தது. தண்ணீருக்குள்ளிருந்து கேட்டால் அவள் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். ஸ்லேவ் அடிமை என்றதும் அடி விழும். பலமாகத்தான் விழும். வேறு எதற்கோ சேர்த்து அடிக்கிறாளோ என்று தோன்றும்.

பிறகு குளியை விட்டுத் துறைமுகத்துக்கு மாறினேன், சொந்தமாக மூன்று படகு வாங்கினேன், வீடு கட்டினேன். தொட்டியை இடித்துவிட்டேன். வரிசைகள் மறந்துபோகும் அளவுக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது.

போன பங்குனியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. எட்டு மாதம் ஒரு சொல் இல்லை. இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பாள். சென்னையில் இருக்கும் என் மகன் வாரந்தோறும் வீடியோவில் ஒரே பேச்சு.

“அம்மாவுக்கு நாம பேசுறது எதுவும் புரியலப்பா. மதுரையில ஒரு நல்ல ஹோம் பார்த்திருக்கேன். அங்க நர்ஸ் இருக்காங்க.”

“அவளுக்குப் புரியுது.”

“எத வச்சுச் சொல்றீங்க?”

வீடியோவை அணைத்துவிட்டு அவள் தலையணையைச் சரிசெய்தேன்.

அவளைப் பார்த்துக்கொள்ள உடன்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கார்த்திகை மாதம் ஒரு நாள், சாப்பிட்டுவிட்டு மனைவியின் கட்டிலை ஒட்டிய சாய்வு நாற்காலியில் தூங்கிப்போனேன். கனவில் தொட்டித் தண்ணீருக்குள் இருந்தேன். கிணற்றுக்குள்ளிருந்து வரும் அதே குரல் கேட்டது. டங்கென்று ஒரு சத்தம். மூச்சு திணறி எழுந்தேன். மனைவி வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் அந்தப் பெண் நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை.

“அண்ணாச்சி, அம்மா பேசுதாவ.”

“என்ன பேசுதா?”

“இங்கிலீஷ்.”

சிரித்துவிட்டேன். அந்தப் பெண் எட்டாம் வகுப்போடு நின்றவள். எதைக் கேட்டு எதை நினைத்தாளோ என்று விட்டுவிட்டேன். மறுநாள் அவளே அந்தச் சொற்களைச் சொல்லிக்காட்டினாள். வேவ். சேவ். ஷேவ். அந்த வரிசை உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

“கப்பல்ல செத்த வெள்ளக்காரி எவளோ ஏறிக்கிட்டா அண்ணாச்சி. சாமியாரக் கூப்பிட்டுச் செபம் பண்ணுங்க. இல்ல, நான் சனிக்கிழமை ஊருக்குப் போறேன்.”

டாக்டரிடம் கேட்டேன். சிலருக்குச் செபம், பாட்டு, எண்ணிக்கை என்று மனப்பாடமானது மட்டும் திரும்ப வரும், அதைப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். மகனுக்கு அது போதுமானதாக இருந்தது. “பழைய கேசட் ஓடுற மாதிரிப்பா. பொருள் தெரிஞ்சு சொல்லல” என்றான். மாதக் கடைசியில் வந்து மதுரைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டான்.

நான் விடவில்லை. தினமும் அவள் எதிரில் உட்கார்ந்து எல்லா வரிசையும் சொன்னேன். ரோப் என்றேன், வேவ் என்றேன். உதடு அசையவில்லை. அலுத்துப்போய்க் கண்ணயர்ந்தால், அந்தக் குரல். விழித்தால் மூடிய வாய். பகல் இரண்டு மணி வெளிச்சத்தில், கடலிலிருந்து வீசும் கொண்டல் காற்றில் ஜன்னல் துணி ஆடிக்கொண்டிருக்கும்போது, என் சொந்த மனைவியைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அறுபது அடி ஆழத்தில் சுறாவைப் பார்த்தவன் நான். பயந்ததையும் எழுதிவிடுகிறேன்.

உடன்குடிப் பெண்தான் கண்டுபிடித்தாள். வாசலில் நின்றபடியே சொன்னாள்.

“நீங்க குறட்ட விடுதீய. அப்புறம் நின்னு போவுது. நெஞ்சு அசையல. மூச்சே இல்ல அண்ணாச்சி. நீங்க நிறுத்துனதும் அவிய ஆரம்பிக்காவ. முடிச்சிட்டுக் கட்டில் கம்பில அடிக்காவ. நீங்க திரும்ப மூச்சு இழுக்குதீய.”

“எத்தன நாளா?”

“நான் பாத்த மட்டும் தினசரி. செபம் வேண்டாம், நான் போவல.”

மகன் வந்தான். கையில் ஹோமின் ஃபாரம். கட்டிலருகே அவனை நிறுத்தி, வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். கண்ணை மூடிக் கொஞ்சம் குறட்டை விட்டேன். பிறகு மூச்சை நிறுத்தினேன். இந்த வயதிலும் ஒன்றரை நிமிடம் தம் பிடிப்பேன். என் படகில் இருக்கும் இளவட்டங்களால் முடியாது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீருக்கு மேலிருந்து வருவதுபோல் வந்தது. வேவ். சேவ். ஷேவ். கேவ். பிரேவ். ஸ்லேவ். டங்.

கேசட்டாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். அந்தக் காலத்தில் அடி விழுந்த பிறகும் நான் எழாமல் இருந்ததே இல்லை. அதனால் அதற்குப் பிறகு மனப்பாடமாகச் செய்ய எங்களிடம் எதுவும் கிடையாது. நான் மூச்சு விடவில்லை. மறுபடியும் டங். மூன்றாவது முறை, மோதிரம் கம்பியில் பட்டுக் கீறும் ஓசை. பிறகு கட்டில் முனகியது. எட்டு மாதமாகத் தலையணையை விட்டு நகராதவளின் இடது கை என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மேலே இழுத்தது, தொட்டியிலிருந்து இழுப்பதுபோல்.

கண்ணைத் திறந்தேன். அவள் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கீழுதட்டைப் பற்களால் கடித்து மூடியிருந்தாள். ஏழாவது சொல் அந்த வாய்க்குள்தான் இருந்தது. வெளியே விடமாட்டாள். பொருள் தெரியாதவளுக்கு எதற்கு அந்தக் கடி?

மூச்சை இழுத்தேன். அவள் கை தளர்ந்தது.

மகன் ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்தான். “அப்பா, உங்களைத்தான் முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்.”

கூட்டிப்போனான். மூக்கில் மாட்டும் ஒரு மெஷினைக் கொடுத்தார்கள். பகலோ ராத்திரியோ, தூங்கினால் மாட்டிக்கொள்ள வேண்டும். நல்ல மெஷின். மாட்டியதிலிருந்து என் மூச்சு ஒரு தடவைகூட நிற்கவில்லை என்று உடன்குடிப் பெண் சொல்கிறாள். மனைவியும் ஒரு சொல் பேசவில்லை. மூன்று வாரம் ஆகிறது. அவளுக்கு இனிப் பேச வேண்டிய அவசியம் இல்லை போலிருக்கிறது.

ராத்திரியில் ஒழுங்காக மாட்டிக்கொள்கிறேன். மகனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், அந்தப் பெண் துணி காயப்போட மாடிக்குப் போன நேரம் பார்த்து, மெஷினை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தேன். நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டேன். அவள் அலமாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இடது கையை எடுத்துக் கம்பியின் மேல் வைத்துக்கொண்டாள்.