இடப்பக்கம் சுற்றிய பசு

நான் ஓய்வுபெற்றது கிரிவலப் பாதையிலுள்ள எங்கள் அடி அண்ணாமலை ஊர் மாடுகளுக்குத் தெரியாது. இன்று காலை பக்கத்து வீட்டுப் பசு தொழுவத்தில் இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு காது தொங்கியது. அதே பக்க வாயோரம் எச்சில் வழிந்தது. மூலையில் திறந்திருந்த சைலேஜ் எனும் பதப்படுத்திய பசுந்தீவன மூட்டையின் அழுகல் வாடை என்னை எட்டு வயதுக்கு இழுத்துப்போனது.

அன்று எங்கள் பசுவும் இப்படித்தான் சுற்றியது. ஊரே மலையை வலமாகச் சுற்ற, அது மட்டும் இடமாக. அப்பாவும் சித்தப்பாவும் கொம்பைப் பிடித்து வலப்பக்கம் திருப்பிவிட்டார்கள். அந்தச் சிகிச்சை எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அத்தை பழிசொல்ல அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"தீட்டோட மலை சுத்தினியா நீ? அதான் மாடு எதிர்ல சுத்துது."

மூன்றாம் நாள் பசு செத்தது. பழி அம்மாவிடமே தங்கியது.

கால்நடை மருத்துவம் படித்து முடித்ததும் அம்மாவிடம் விளக்கினேன். அது லிஸ்டீரியா கிருமியாக இருக்கலாம். கெட்டுப்போன தீவனத்தில் வந்து மூளையைத் தாக்கும். மூளையைப் பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் மறக்காமல் சேர்த்துக்கொண்டேன்.

அம்மா கேட்டாள், "மழையில நனைஞ்ச வைக்கோல அள்ளிப் போட்டது நான்தானேடி?"

இன்று, பக்கத்து வீட்டுப் பசுவின் தொங்கிய காதைத் தூக்கிப் பார்த்தேன்.

"எதனால டாக்டரம்மா?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண், முந்தானையை முறுக்கியபடி.

தீவனம் போட்டது யார் என்பது விதிப்படி நான் கேட்கவேண்டிய கேள்வி.

"மூட்டை கெட்டுப்போச்சும்மா. தூக்கிப் போட்டுடுங்க," என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்தேன்.