தாடியும் ஒரு குடுவைப் பாகும்

எழுபதுகளின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் மரப்பிசின்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். வித்துரா பக்கத்து முந்திரி மரங்களில் வடியும் பிசினை வாங்கிவந்து, அமிலத்தில் காய்ச்சி உடைத்து, அதில் என்னென்ன சர்க்கரைகள் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று கண்டறிவதுதான் வேலை. கிழக்கேகோட்டையில் எங்கள் தெருக்காரர்களுக்கு நான் ‘பிசின் பொண்ணு’.

சர்க்கரை வேதியியலில் ஒரு தொல்லை உண்டு. பிரித்தெடுத்த பொருள் பெரும்பாலும் பாகாகவே நிற்கும். படிகமானால்தான் எந்தச் சூட்டில் உருகுகிறது என்று பார்த்து, இன்ன சர்க்கரை என்று அடித்துச் சொல்லலாம். என் குடுவையில் மாதக்கணக்காக ஒரு பாகு கிடந்தது. குளிர்ப்பெட்டியில் வைத்தேன். கண்ணாடிக் குச்சியால் உரசினேன். அது தேன் மாதிரி மினுங்கிக்கொண்டு அப்படியே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துளி சுத்தமான சர்க்கரையாவது வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், அதுவும் வந்தபாடில்லை.

ஒரு நாள் டீ குடிக்கும்போது, என் வழிகாட்டியான நாகர்கோவில்காரப் பேராசிரியர் தான் வெளிநாட்டில் படித்த காலத்துக் கதை சொன்னார். அங்கே ஒரு கிழவர், வாழ்நாளெல்லாம் சர்க்கரைப் பொடிகளோடு கழித்தவர். யாருடைய பாகாவது உறையவில்லையென்றால் அவரைக் கூப்பிடுவார்களாம். அவர் வந்து குடுவைமேல் குனிந்து தாடியை உதறுவாராம். ஒரு படிகத் தூசி விழுந்தால் போதும், அதைப் பற்றிக்கொண்டு மற்றதெல்லாம் உறைந்துவிடும்.

“நம்ம பில்டிங் புதுசுல்லா. தூசியே கெடையாது. அதான் ஒண்ணும் உறைய மாட்டேங்கு,” என்று சிரித்தார் சார்.

எல்லோரும் சிரித்தோம். என் மேசையிலேயே ஆராய்ச்சி செய்த நெடுமங்காட்டுக்காரன் மட்டும் யோசனையில் இருந்தான். “சேச்சி, நான் தாடி வெக்கட்டே?” என்றான். வேடிக்கை என்று நினைத்தேன். மறுநாள் சவரம் செய்யாமல் வந்தான்.

அது கார்த்திகை மாதம் பிறந்திருந்த சமயம் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. கேண்டீன்காரர் ஒரு வாரம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “சாமிக்கு இனி மீன் இல்ல, கேட்டோ,” என்று தேங்காய் போட்ட தோரன் பொரியலை மட்டும் வைத்தார். வீட்டில் அதைவிட விசேஷம்.

“அம்மை என்னெக் கண்டதும் அழுதுபோச்சு, சேச்சி. கோயில் பக்கமே போகாத மோன் மலைக்குப் போறான்னு சந்தோஷம். மாலையும் வாங்கியாச்சு. இது ஆராய்ச்சிக்குன்னு எப்படிச் சொல்றது?”

“சொல்லாதே. பேசாம போயிட்டு வந்துடேன்,” என்றேன்.

மாலை போட்டுக்கொண்டான். அமிலம் புழங்கும் இடத்தில் வெறுங்காலோடு நிற்கக் கூடாதென்று சார் கண்டிக்க, ஐயப்பனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டான். தினமும் என் பாகின் உறவுக்காரச் சர்க்கரைகளைக் கல்வத்தில் பொடித்து, முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோவான். பிறகு என் குடுவைமேல் குனிந்து தாடியைக் கோதுவான்.

“விழுந்தோ?”

“எனக்கென்ன தெரியும்? உன் தாடி.”

அவன் மலைக்குப் போயிருந்தபோது ஒரு காலையில் அலமாரியைத் திறந்தேன். குடுவையின் ஓரத்தில் பஞ்சு ஒட்டியதுபோல ஏதோ தெரிந்தது. சாயங்காலத்துக்குள் அது ஊசி ஊசியாகக் கிளைத்து அடிப்பாகம் முழுக்கப் பரவிவிட்டது. சாரிடம் கொண்டுபோனேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “மூடி வைம்மா,” என்றார் கடைசியில், ரகசியம்போல. உருகும் சூடு, புத்தகத்தில் இருந்த அளவோடு அப்படியே ஒத்துப்போனது.

மழுங்கச் சவரம் செய்த முகத்தோடு அவன் திரும்பிவந்தான். “தாடிதான்,” என்றான். மழை விட்டுக் காற்று காய்ந்ததுதான் காரணம் என்றார் சார். பல நாள் டீ வேளை இந்த விவாதத்திலேயே போயிற்று.

அவன் திரும்பிவந்த வாரக் கடைசியில் அவன் அம்மா அரவணைப் பாயசம் கொண்டுவந்தார். மகன் எங்கே வேலை செய்கிறான் என்று பார்க்க ஆசையாம். நான் குடுவையைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது மரத்துலேர்ந்தா வந்தது, மோளே? நல்ல சந்தம்,” என்றார்.

சந்தமென்றால் அழகு. ஆய்வகத்துக்கு வெளியே யாரும் என் வேலையை அப்படிச் சொன்னதில்லை. அன்று பஸ் பிடிக்கத் தோன்றாமல் கிழக்கேகோட்டைவரை நடந்தே போனேன்.