கழித்துப் பார்த்த முகவரி

என் அக்காவுக்கு வீட்டில் குக்கர் என்று பேர். வைத்தது நான். இப்போது அம்மாவே அப்படித்தான் கூப்பிடுகிறாள். கோபம் வந்தால் முதலில் மூக்கு விடைக்கும், அப்புறம் ஒரு ‘உஸ்ஸ்’, அதற்கு மேல் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. பஸ்ஸில் காலை மிதித்தவன், போனில் காப்பீடு விற்க வந்தவன், லிஃப்டில் எல்லா மாடிப் பொத்தானையும் அமுக்கிவிட்டு இறங்கி ஓடியவன் (ஹி ஹி) என்று அனுபவித்தவர்கள் ஏராளம்.

அவள் வேலை, செத்துப்போன கம்ப்யூட்டரை அறுத்துப் பார்ப்பது. “என் பொண்ணு கம்ப்யூட்டர் டாக்டராக்கும்” என்று அம்மா மாடிப்படியில் நின்று பெருமையடிப்பாள். “டாக்டர் இல்லம்மா, போஸ்ட்மார்ட்டம்” என்று அக்கா திருத்துவாள். பெரிய கம்பெனிகளின் சர்வர் திடீரென்று மண்டையைப் போடும்போது, தன் நினைவில் இருந்ததையெல்லாம் ஒரு கோப்பில் கொட்டிவிட்டுத்தான் சாகும். க்ராஷ் டம்ப் என்பார்கள். அந்தக் குப்பைமேட்டைக் கிளறி, எது கொன்றது என்று சொல்ல வேண்டும். கிளறுவது மட்டுமில்லை, அந்த சர்வர்களில் டிஸ்க்குக்குப் போகிற தகவலைப் பிடித்துவைத்து அனுப்பும் நிரலை எழுதியதும் அவள்தான். மாசமாக இருந்தபோது வாந்தி எடுத்துக்கொண்டே எழுதினாள்.

பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியதிலிருந்து ஆபீசில் அவளை ஓரங்கட்டப் பார்த்தார்கள். “குழந்தைய வச்சுக்கிட்டு எதுக்கு இந்தக் கஷ்டம்” என்பார் மேனேஜர், ஏதோ அவர்தான் எங்கள் வீட்டுத் தொட்டிலை ஆட்டுவது மாதிரி. ஒரு சாக்குதான் குறைச்சலாக இருந்தது. அதுவும் ஒரு நாள் காலையில் மெயிலில் வந்து சேர்ந்தது.

ஒரு வாடிக்கையாளரின் சர்வர் செத்திருந்தது. மேனேஜரே டம்பைப் பிரித்துப் பார்த்து அறிக்கை எழுதியிருந்தார். காரணம், டிஸ்க் நிரல். பொறுப்பு என்ற இடத்தில் அக்காவின் பேர். மத்தியானம் வாடிக்கையாளருக்கு அறிக்கை போகும், அடுத்த வாரத்திலிருந்து அக்கா போன் எடுத்து “வணக்கம், என்ன உதவி வேணும்” என்று சொல்கிற பிரிவுக்குப் போவாள்.

அன்றைக்கு அவளுக்கு வீட்டிலிருந்துதான் வேலை. குழந்தை அப்போதுதான் கண்ணசந்திருந்தது. அதனால் அந்தச் சண்டை முழுக்கக் கிசுகிசுப்பிலேயே நடந்தது. கத்தத் தெரிந்தவள் கத்த முடியாமல் கோபப்பட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கழுத்து நரம்பு மட்டும் கத்தும்.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து டம்பைத் திறந்தாள். கொஞ்ச நேரம் தட்டினாள். மூக்கு விடைத்தது.

“பாவி. கழிச்சிருக்கான்டா!”

பத்தாவதோடு நானும் பள்ளிக்கூடமும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். ஆனாலும் இதை அவள் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள், தட்டு கழுவுகிற நேரத்தில். கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற நிரல். அது பேசுகிற முகவரி எதுவும் நிஜ இடம் கிடையாது. டம்பில் ஒரு பொருளைத் தேட வேண்டுமானால் அந்த முகவரியை நிஜ இடமாக மாற்றியாக வேண்டும். கெர்னலின் சொந்த உடம்புக்கு இது சுலபம், ஒரே ஒரு எண்ணைக் கழித்தால் போதும். ஆனால் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட மாட்யூல் என்கிற துணை நிரல்கள் இருக்கின்றனவே, அவற்றின் முகவரி பார்க்க அடுத்த வீடு மாதிரியே இருக்கும், நிஜத்தில் மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும். அங்கே கழித்தல் வேலைக்கு ஆகாது. அரசாங்க ஆபீஸ் மாதிரிதான். முதல் ஜன்னலில் கேட்டால் இரண்டாம் ஜன்னலைக் காட்டுவான், அங்கே போனால் மூன்றாவது, அப்புறம் நான்காவது. அங்கேதான் நிஜ இடம் தெரியும். இந்த ஜன்னல்களுக்கு டேபிள் என்று பேர்.

செத்த சர்வரில் கெட்டுப்போயிருந்தது நெட்வொர்க் மாட்யூலின் பட்டியல் ஒன்று. மேனேஜர் ஜன்னல் எதிலும் நிற்காமல் கழித்தலைப் போட்டு நேரே உள்ளே நுழைந்துவிட்டார். நுழைந்தது வேறு வீடு. அக்காவின் நிரல் தன் தகவலை அழகாக அடுக்கி வைத்திருந்த பக்கம் அது.

போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“சார், அந்த லிஸ்ட்டோட அட்ரஸ எப்படி மாத்துனீங்க?”

“என்னம்மா ரகசியம் பேசுறீங்க? லைன் சரியில்லையா?”

“குழந்தை தூங்குது. எப்படி மாத்துனீங்க?”

“வழக்கம்போலதான், கழிச்சேன். போய்ப் பார்த்தா லிஸ்ட் இருக்க வேண்டிய இடத்துல ஒரே குப்பை. நடுவுல உங்க நிரல் போடுற முத்திரை! உங்க நிரல்தான் வந்து மேல கிறுக்கியிருக்கு. இங்க பாருங்கம்மா, இதுல கோவப்பட ஒண்ணுமே இல்ல...”

அடுப்படியில் நிஜக் குக்கர் விசிலடித்தது.

“என்ன சத்தம் அது?” என்றார்.

“எங்கக்கா சார்” என்றேன். அவள் மேசையில் கிடந்த கரண்டியை எடுத்து ஓங்கினாள்.

“அது என் வீட்டுக்குள்ள என் சாமான் சார்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனிடம் சொன்னாள். “நீங்க வீடு மாறிப் போயிட்டு, உள்ள நான் உட்கார்ந்திருக்கேன்னு என்னையத் திருடிங்கறீங்க. அது மாட்யூல் அட்ரஸ். கழிக்கக் கூடாது.”

“கெர்னல் அட்ரஸ் மாதிரியே முன்னாடி இருக்கிற எண்ணெல்லாம் ஒண்ணாத்தானே இருக்கு?”

“இருக்கும். டேபிளத் திறங்க. நான் சொல்ல மாட்டேன், நீங்களே ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டு போங்க.”

போனார். முதல் டேபிள். இரண்டாவது. மூச்சு வாங்குவது எங்களுக்கே கேட்டது. மூன்றாவதில், “போதும்மா, புரிஞ்சுடுச்சு” என்றார்.

“இன்னும் ஒண்ணு இருக்கு சார்.”

நான்காவதும் போனார். அங்கே பட்டியல் ஒழுங்காக வரிசையில் நின்றது. கடைசிக் கண்ணி மட்டும், எப்போதோ காலி செய்துவிட்ட ஓர் இடத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கொன்றது அதுதான். அக்காவின் முத்திரை எங்கேயும் இல்லை.

அப்புறம் மேனேஜர் குரலில் ஒரு குஷி.

“அட, நெட்வொர்க்கா? அந்தப் புதுப் பையன் எழுதினதாச்சே! விடுங்க, உங்க பேர எடுத்துட்டு அவன் பேரப் போட்டுடறேன். முடிஞ்சுது.”

நான் தலையாட்டிவிட்டேன். பிரச்சினை தீர்ந்ததே. அக்கா ஆட்டவில்லை.

“யாரு பேரையும் போடாதீங்க!”

மாடி முழுக்கக் கேட்டிருக்கும். குழந்தை வீறிட்டது. அம்மா கையைத் துடைத்தபடி ஓடிவந்து, “ஏண்டி, பச்சக் குழந்தை தூங்குதுடி!” என்றாள். நான் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அக்காவும் மேனேஜரும் அழுகைக்கு மேல் கத்த வேண்டியதாயிற்று.

“அந்தப் பையன் எழுதுன நிரல நான் பார்த்து ஓகே பண்ணேன், நீங்களும் பார்த்து ஓகே பண்ணீங்க. யாரு கண்ணுலயும் படல. எது உடைஞ்சுதுன்னு எழுதுங்க சார்! ஆளப் பிடிச்சுக் குடுக்கவா எனக்குச் சம்பளம்? காலையில நான், இப்ப அவன். சாயங்காலம் யாரு, வாட்ச்மேனா?”

“சரிம்மா, சரி. ரிப்போர்ட்ட நீங்களே எழுதி அனுப்புங்க.”

“அந்தப் போன் பிரிவு?”

“அத அப்புறம் பேசிக்கலாமே...”

“அப்புறம் இல்ல. இப்ப.”

“நீங்க இந்த டீம்லயேதான் இருப்பீங்க. போதுமா?”

“மெயில்ல போடுங்க.”

மெயில் வந்த பிறகுதான் போனை வைத்தாள். அவள் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் போனில் மேனேஜர் பேரை ‘கழித்தல்’ என்று மாற்றிவைத்தேன்.

அப்புறம் அறிக்கை. முதலில் எது உடைந்தது என்று எழுதினாள். அதன் கீழே, முகவரியை முதலில் தப்பாக மாற்றியது யார் என்று மேனேஜர் பேரை முழுசாக, இனிஷியலோடு, அடித்தாள். ‘இருக்கட்டும், இருக்கட்டும்’ என்று நான் தொட்டிலருகே நின்று மனசுக்குள் கும்மியடித்தேன். அந்தப் பேரையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். அழிக்கிற அடி ஒவ்வொன்றும் அவர் மண்டையில் விழுந்த மாதிரி இருந்தது. கடைசி அடியில் கீபோர்டின் அந்த அழிக்கிற பொத்தானே கழன்று பறந்து பிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது.

‘முதல் வாசிப்பில் முகவரி தவறாக மாற்றப்பட்டது’ என்று மட்டும் எழுதி அனுப்பினாள். கோபம் இம்மிகூட இறங்கவில்லை.

“டேய், அந்த பட்டன் எங்க?”

துடைப்பக் குச்சியால் எடுத்து என் சட்டைப் பையில் போட்டிருந்தேன். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

“சாப்பிட்டாதான் தருவேன்.”

“உஸ்ஸ்” என்றாள். தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, யாரையோ கடிப்பது மாதிரி கடித்துக் கடித்துச் சாப்பிட்டாள். நான் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். திட்டிக்கொண்டே அதையும் சாப்பிட்டாள்.